ஒன்றரை மீட்டர்

காற்று இல்லை.
பொழியூரில் கொடியில் கிடக்கும் லுங்கிகூட அசையவில்லை.
ஏழு நாள் முன்பு
ஆப்பிரிக்காவுக்கும் கீழே, ஆளில்லாத கடலில்
ஒரு புயல்
யாரையும் நனைக்காமல் செத்துப்போனது.
அதன் மிச்சம்
பதினெட்டு வினாடிக்கு ஒன்றாக
வடக்கே நடந்துகொண்டிருக்கிறது என்பது
என் கணினிக்குத் தெரியும், எனக்குத் தெரியும்,
இரண்டு மாநிலத்து அதிகாரிகளுக்கு
மின்னஞ்சல் போயிருக்கிறது.
கள்ளக்கடல்.
எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளத்திலும்
அந்தப் பக்கம் நீரோடியில் தமிழிலும் அதே பெயர்.
கள்ளனை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

நான் கடலைச் சதுரங்களாக வெட்டுகிறவள்.
தூரத்தில் ஒரு சதுரம் ஐம்பது கிலோமீட்டர்,
கிட்டே வர வர ஐந்து, ஒன்று,
கரையில் இருபது மீட்டர்.
அதற்குக் கீழே வெட்ட
அலுவலகம் வாங்கித் தந்த இயந்திரத்துக்கு மூச்சில்லை.
சதுரத்துக்கு ஓர் ஆழம், ஒரு கரடு.
மணலுக்குப் புள்ளி பூஜ்ஜியம் இரண்டு,
தென்னந்தோப்புக்குக் கொஞ்சம் கூட,
வீட்டுக்கு இன்னும் கூட.
சூத்திரத்தில் வீடு என்பது
தண்ணீரைத் தாமதப்படுத்தும் பொருள்.

வந்து உடைந்து திரும்பும் அலையைப் பற்றிப் பயமில்லை.
அவை கூட்டமாக வரும்போது
அடியில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
கடல் மொத்தமாகத் தோளை உயர்த்துகிறதே,
நுரைகூட இல்லாத அந்த நெட்டலைதான்
தெருவுக்குள் வருவது.

ஞாயிறு பகல் இரண்டரைக்கு வந்தது.
(நான் சொன்னது இரண்டு பத்து.)
நீரோடியில் நான் சொன்ன இடத்தில் நின்றது.
இங்கே ஏழாவது வரிசையில் நிற்க வேண்டியது
நிற்கவில்லை.
டெல்பின் வீட்டு அடுக்களையில் முழங்கால் அளவு.
என் படத்தில் அந்தச் சதுரம் வெள்ளை.
வெள்ளை என்றால் உலர்.

மறுநாள் போனபோது
நனைந்த அரிசியைத் தார்ப்பாயில் பரத்திக்கொண்டிருந்தாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
"எங்க வீட்டுக்கு என்ன நம்பரு போட்ட?"
"புள்ளி பூஜ்ஜியம் ஆறு."
"பங்களா வீட்டுக்கு?"
"அதேதான்."
"அது காங்கிரீட்டு. இது ஹாலோபிளாக்கு. ரெண்டும் ஒண்ணா?"
நான் பேசவில்லை.
"குருசடிக்கு?"
"அதுக்கும் அதே."
கொஞ்சம் யோசித்தாள்.
"அது நியாயம்" என்றாள்.

பிறகு கூட்டிப்போய்க் காட்டினாள்.
கடல்சுவரில் வள்ளம் இழுக்க
அவள் கணவன் யேசுவடியான்
கல் புரட்டி வைத்த வழி.
டேப்பின் ஒரு முனையை அவள் மகன் பிடித்தான்.
ஒன்றரை மீட்டர்.
என் சதுரத்துக்குள் அது இல்லை;
சராசரியில் கரைந்துபோயிருந்தது.
என் சுவர் ஓட்டையில்லாத சுவர்.

"அடைச்சிட்டா?" என்றேன்.
யேசுவடியான் எஞ்சின் பிளக்கைத் துடைத்துக்கொண்டே,
தலை நிமிராமல்:
"அடை. அது நீரோடிக்குப் போவும்."

இரவு திரும்பி வந்து
அந்த ஒற்றைச் சதுரத்தை மட்டும்
மூச்சு வாங்கும் இயந்திரத்தில் துண்டுதுண்டாக வெட்டினேன்.
மூன்று மணிக்குத் திரையில்
டெல்பின் அடுக்களைக்குள் தண்ணீர் வந்தது:
நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.
சுவரில் ஈரக்கறை நாற்பத்து நான்கு.
கையைத் தட்டிவிட்டேன்.
அறையில் வேறு யாரும் இல்லாதது நல்லது.

பிறகு வழியை அடைத்து ஓட்டினேன்.
அடுக்களை வெள்ளையானது.
தென்கிழக்கே நான்கு சதுரம் தள்ளி,
எல்லைக்கு அப்பால்,
எனக்குப் பெயர் தெரியாத ஆறு வீடுகள்
மெல்ல நீலமாயின.

திறந்தது ஒரு கோப்பு. அடைத்தது ஒரு கோப்பு.
திருவனந்தபுரத்துக்கு ஒரு கடிதம்,
நாகர்கோவிலுக்கு ஒரு கடிதம்.
இரண்டிலும் இரண்டு படங்களையும் வைத்தேன்.
பொருள் என்ற இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

தெற்கே ஐம்பதாவது பாகையில்
மறுபடி அழுத்தம் இறங்குகிறது.
இன்னும் ஆறேழு நாள் இருக்கிறது,
அரிசி காய்ந்துவிடும்.